எதிராளியின் திருத்தம்

ஜனவரி 9, செவ்வாய்

புது மிளகாய் வத்தல் இன்னும் பேட்டைக்கு வந்து சேரவில்லை. மாசி பிறந்தால்தான் வரத்து தெரியும். பழைய சரக்குக்கு விலை ஏறும் என்று கரிசல்பேட்டையில் எல்லோரும் சொல்கிறார்கள். எல்லோரும் சொல்வதாலேயே எனக்குச் சந்தேகம். பாதியைத் தள்ளிவிடும்படி மகனிடம் சொன்னேன்.

சாயங்காலம் பேராசிரியர் துரைமாணிக்கம் வந்தார். கல்லூரியில் சரித்திரம் நடத்தி ஓய்வு பெற்றவர். ரொம்ப வருஷமாகப் பூவலிங்கம் அண்ணாச்சியோடு சுற்றுகிறவர். பூவலிங்கம் அண்ணாச்சி எங்கள் ஊர்ச் சுமைப்பணித் தொழிலாளர் சங்கத் தலைவர். எண்பதை நெருங்குகிறார். எத்தனையோ போராட்டம் நடத்தியிருக்கிறார். அவர் ஆட்கள் ஒரு கல் எறிந்ததில்லை, எந்த முதலாளியையும் மரியாதை குறைத்துப் பேசியதில்லை. நான் வத்தல் வியாபாரி. அவர் மூட்டை தூக்குகிறவர்களின் ஆள். எங்கள் உறவைப் பற்றி இதற்குமேல் எழுத ஒன்றும் இல்லை.

ஐரோப்பாவில் ஓர் அறக்கட்டளை, அடிதடி இல்லாமல் போராடுகிறவர்களுக்கு வருஷா வருஷம் பரிசு கொடுக்கிறதாம். அதற்கு அண்ணாச்சியின் பெயரை அனுப்பியிருக்கிறார் பேராசிரியர்.

"எதிர்த்தரப்புல ஒருத்தர் பேரும் போன் நம்பரும் கேட்டிருந்தாங்க சார். உங்க பேரக் குடுத்திருக்கேன்."

"குடுத்துட்டுத்தான் கேக்க வந்தீங்களா?"

"கடைசித் தேதி நெருங்கிட்டு. நீங்க மாட்டேன்னு சொல்ல மாட்டீங்கன்னு ஒரு நம்பிக்கை."

"எழுதுனத அண்ணாச்சி பாத்தாரா?"

"பேர் அனுப்புனது தெரியும். என்ன எழுதுனோம்னு இன்னும் காட்டல. காட்டுனா பாதிய வெட்டித் தள்ளீருவாரு."

எனக்கு இதில் நஷ்டம் ஒன்றும் இல்லை. ஊர்ப் பெயர் வெளியே தெரிந்தால் சரக்குக்கும் நல்லதுதான். சரி என்றேன். வீட்டுக்காரி ராஜகனி காபியும் முறுக்கும் கொண்டுவந்து வைத்தாள். பேராசிரியர் முறுக்கை மட்டும் தின்றுவிட்டுப் போனார்.

ஜனவரி 21, ஞாயிறு

பேப்பரில் அண்ணாச்சியின் படம் வந்திருக்கிறது. பரிசுக்குப் பெயர் போயிருக்கும் செய்தியும், கூடவே தார்ப்பாய்க் கதையும்.

தொண்ணூற்று மூன்று சித்திரையில் நடந்தது அது. அப்போதெல்லாம் வத்தலை மிதித்து மிதித்துப் பெரிய மூட்டையாகக் கட்டுவோம். லாரிக்கு அதுதான் லாபம். ஒரு தலைக்கு ஏற்ற மூட்டையாகச் சிறிதாகக் கட்ட வேண்டும் என்று சங்கம் கேட்டது. மற்ற வியாபாரிகள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் முடியாது என்றேன். சரக்கு வைக்கிற என் கிட்டங்கி வாசலில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

உட்காருவதற்கு முந்தின நாள் அண்ணாச்சி என் வீட்டுக்கு வந்தார். அது அவருடைய வழக்கம். எதிராளியைப் பற்றி எந்த நோட்டீஸ் எழுதினாலும் அச்சுக்குக் கொடுக்கும்முன் அந்த எதிராளியிடமே வாசித்துக் காட்டுவார். தப்பு இருந்தால் சொல்லலாம், திருத்திக்கொள்வார். அன்றைக்கு நான் இரண்டு திருத்தம் சொன்னேன். இரண்டையும் பென்சிலால் எழுதிக்கொண்டு, நன்றி சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் காலையில் அதே நோட்டீஸை என் வாசலிலேயே விநியோகித்தார்கள்.

மறியல் நடந்துகொண்டிருக்கும்போது ஒரு சாயங்காலம் கோடை மழை பிடித்துக்கொண்டது. வத்தல் கேட்டுக்கு உள்ளே களத்தில் காய்ந்தபடி திறந்து கிடந்தது. அண்ணாச்சி காவல்காரனிடம் சொல்லிக் கேட்டைத் திறந்து, தன் ஆட்களை உள்ளே அனுப்பி, தார்ப்பாய் போட்டு மூடச் சொன்னார். மூடிவிட்டு வெளியே வந்து நனைந்துகொண்டே உட்கார்ந்தார்கள். இதில் மனம் இளகி மூன்றாம் நாள் முதலாளி இறங்கி வந்து கோரிக்கையை ஒப்புக்கொண்டார் என்று பேப்பரில் போட்டிருக்கிறான். "ஒரு வத்தல்கூட நனையவில்லை" என்று முடித்திருக்கிறான்.

ஒரு வத்தல்கூட நனையவில்லை என்பது உண்மைதான்.

ஜனவரி 30, செவ்வாய்

மத்தியானம் அந்த அறக்கட்டளையிலிருந்து போன். பேசியது ஒரு பெண். பெயர் சிவகௌரி, யாழ்ப்பாணத்துப் பிள்ளை. அங்கே வேலை பார்க்கிறாளாம். வெள்ளைக்காரன் பேசுவான் என்று மகனைப் பக்கத்தில் உட்கார வைத்திருந்தேன். தேவைப்படவில்லை.

"ஐயா, நீங்கள்தானோ எதிர்த்தரப்பு?"

"ஆமா. நாந்தான்."

"இப்பவும் கோவம் இருக்கோ?"

"கோவத்துக்கு என்னம்மா. அவரு வேலைய அவரு பாத்தாரு, எஞ் சோலிய நான் பாத்தேன்."

சிரித்தாள். தார்ப்பாய் போட்டது உண்மையா என்று கேட்டாள். போட்டது உண்மை என்றேன். அதற்குமேல் அவள் கேட்கவில்லை. வேறு ஏதாவது சொல்லத் தோன்றினால் தன்னுடைய சொந்த எண்ணுக்கே கூப்பிடலாம் என்றாள். போனில் பதிந்துகொண்டேன்.

வைத்தபிறகு ராஜகனி, "போட்டது உண்மைன்னீங்க. எடுத்தது?" என்றாள். முப்பத்தைந்து வருஷமாகக் குடும்பம் நடத்துகிறவள். பல் டாக்டரிடம் போக வேண்டும் என்று எழுந்துவிட்டேன்.

பிப்ரவரி 2, வெள்ளி

பல் பிடுங்கியாயிற்று. கஞ்சி.

பிப்ரவரி 11, ஞாயிறு

காலையில் பூவலிங்கம் அண்ணாச்சி வந்தார். தனியாக, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு. இப்போது ஏறி மிதிப்பதில்லை. பிடித்துக்கொண்டு நடக்க ஒரு துணை, அவ்வளவுதான். கையில் ஒரு கவர்.

"துரைமாணிக்கம் அனுப்பிட்டான்வே. அனுப்புன பொறகு நேத்துத்தான் எங்கிட்டக் காட்டுதான். உம்மப் பத்தி எழுதிருக்கான், உமக்கு வாசிச்சுக் காட்டல. எப்படி நியாயம்?"

"பரிசுக்குத்தான அண்ணாச்சி. நோட்டீஸா?"

"எழுத்துன்னா எழுத்துதான். இரும், வாசிக்கேன்."

இங்கிலீஷில் எழுதியதன் தமிழ் நகல். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஒரு சொல் விடாமல் வாசித்தார். பேப்பரில் வந்த கதைதான், கொஞ்சம் கூடுதல் சர்க்கரையோடு. 'எதிராளியின் உடைமையைக் காத்து அவர் இதயத்தை வென்றார்' என்று வந்தது. அந்த வரியை இரண்டு தடவை வாசித்தார். நான் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முடித்துவிட்டுப் பென்சிலை எடுத்தார். "சொல்லும்."

"சரியாத்தான் இருக்கு, அண்ணாச்சி."

"ஒண்ணும் இல்லையா?"

"ஒண்ணும் இல்ல."

பென்சிலைப் பையில் வைத்துக்கொண்டார். வழக்கம்போலத் தண்ணீர் மட்டும் குடித்தார். எதிராளி வீட்டில் அதற்குமேல் எடுத்துக்கொள்ள மாட்டார். பேச்சுவாக்கில், "கிடைச்சா நேர்ல போயி வாங்கணுமாமே. அங்கல்லாம் குளிருமாமே, வேட்டி தாங்குமா?" என்று கேட்டார். கேட்டுவிட்டு வெட்கப்பட்ட மாதிரி சைக்கிள் பெல்லைத் துடைத்தார்.

இந்த மனுஷனுக்கு ஆசை இருக்கிறது. நான் எதிர்பார்க்கவில்லை. யாரும் தன்னைப் பாராட்டினால் எழுந்து போய்விடுகிற ஆள். இருக்கட்டும். சரக்கை விற்கிறவனுக்கு ஆசை இருப்பது போலத்தான் இதுவும். சும்மா இருந்துவிட்டேன்.

பிப்ரவரி 12, திங்கள்

கடை திறக்கும்முன்பே மறுபடி வந்துவிட்டார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"காசிலிங்கம், நேத்து ராத்திரி பூரா யோசிச்சேன். தொண்ணூத்து மூணுல ரெண்டு திருத்தம் சொன்னீரு. ரெண்டாயிரத்து எட்டுல கூலி நோட்டீஸ் வாசிச்சப்ப அஞ்சு சொன்னீரு. ஒண்ணு எழுத்துப்பிழை. உம்மகிட்ட வாசிச்சு ஒண்ணுமே இல்லன்னு நான் கேட்டதே கெடையாது."

"வயசாயிட்டுல்ல, அண்ணாச்சி."

"எனக்கு வயசாயிட்டுன்னு பாவம் பாக்குதீரா? எதிராளி பாவம் பாக்க ஆரம்பிச்சா நான் எதுக்குவே இருக்கேன்?"

மகன் உள்ளே போய்விட்டான். நான் கதவைச் சாத்தினேன். சொன்னேன்.

வத்தல் நனையவில்லை. ஆனால் மழை கொஞ்ச நேரத்தில் நின்றுவிட்டது. மறுநாள் அடித்தது சித்திரை வெயில். கீழே ஈரத் தரை, மேலே தார்ப்பாய். இரண்டு பகல் அப்படியே கிடந்தது. பானைக்குள் வைத்து அவித்த மாதிரிப் புழுங்கிவிட்டது. மூன்றாம் நாள் விலக்கிப் பார்த்தபோது காம்புப் பக்கமெல்லாம் வெள்ளையாகப் பூஞ்சை. நிறம் கறுத்துப்போய்விட்டது. அந்த வருஷத்துச் சரக்கு மொத்தமும் அந்தக் களத்தில்தான் கிடந்தது. கிட்டங்கிக்குப் பின்னால் குழி வெட்டி வெளியூர் ஆட்களை வைத்துப் புதைத்தேன். அன்று சாயங்காலம்தான் இறங்கி வந்து சரி என்றேன். ஏற்ற மூட்டையே இல்லாதவன் மூட்டை பெரிதா சிறிதா என்று யாரோடு சண்டை போடுவது?

அண்ணாச்சி அப்போதுதான் உட்கார்ந்தார்.

"அப்ப உம்ம மனசு இளகல."

"சரக்கு இளகிப்போச்சு."

கவரைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். "மறுநாளே எங்க செல்லையா வந்து சொன்னான்வே. ஐயா, வெயில் ஏறுது, தார்ப்பாய எடுக்கணும், இல்லன்னா புழுங்கீரும்னான். நாந்தான் உள்ள போகக் கூடாதுன்னேன். மழைக்கு ஒருதடவ போனதே போதும், மறுபடி போயிப் பொருளத் தொட்டா திருடப் போனான்னு பேர் வரும்னேன். நம்ம விரதம் கெடக் கூடாதுன்னேன்."

"செல்லையாவுக்குச் சரக்கு தெரியும்."

"எனக்கு விரதந்தான் தெரிஞ்சிருக்கு." நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "நீரு கிட்டங்கிக்கு மேல மாடி வீட்டுலதான இருந்தீரு. சன்னல்ல உம்ம தலை தெரிஞ்சுது. உமக்கும் ரெண்டு கை இருந்துச்சே. எடுத்திருக்கலாமே."

"அவங்க மூடுனது. அவங்கதான எடுக்கணும்."

என்னையும் அறியாமல் அன்றைக்கு ராஜகனியிடம் சொன்ன அதே குரலில் சொல்லிவிட்டேன். அண்ணாச்சி சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

எழுந்து பென்சிலால் கவரின் மேல் ஏதோ குறித்துக்கொண்டார். "முப்பது வருசமா ஏன் சொல்லல?" என்று கேட்டார். பூஞ்சைச் சரக்கு வைத்திருந்தான் என்று ஒருதடவை பெயர் வந்தால் வத்தல் வியாபாரி எழுந்திருக்க முடியாது என்றேன். உண்மையும் அதுதான்.

பிப்ரவரி 13, செவ்வாய்

புது வத்தல் வரத்து ஆரம்பம். நிறம் பரவாயில்லை. ஈரம் இருக்கிறது. திருப்பி அனுப்பினேன்.

பிப்ரவரி 25, ஞாயிறு

அண்ணாச்சி புதிதாக எழுதிக்கொண்டு வந்தார். இந்தத் தடவை அவர் கையெழுத்து. பேராசிரியரும் கூடவே வந்தார். அவர் முகம் சரியில்லை.

வாசித்தார். தார்ப்பாய் போட்டது, எடுக்கக் கூடாது என்று தானே தடுத்தது, சரக்கு அழிந்தது, எல்லாம் இருந்தது. கடைசியில் இப்படி: 'ஆகவே நாங்கள் அவர் இதயத்தை வெல்லவில்லை. அறியாமல் என்றாலும் அவர் பொருளை அழித்தே வென்றோம். கல்லெறிந்து வென்றவனுக்கும் எங்களுக்கும் உள்ள வித்தியாசம் நாங்கள் நினைத்திருந்ததைவிடக் குறைவு.'

"சொல்லும்," என்றார்.

பேராசிரியர் என்னைக் கும்பிடாத குறையாகப் பார்த்தார்.

"இதுவும் தப்பு, அண்ணாச்சி."

"எது?"

"சரக்கு அழிஞ்ச அன்னிக்கே, நீங்க களத்துக்குள்ள போனது தெரிஞ்சு எஸ்.ஐ. வீட்டுக்கு வந்தாரு. உள்ள புகுந்து சேதம் பண்ணுனாங்கன்னு ஒரு மனு குடுங்க, பூவலிங்கத்தையும் கூட்டத்தையும் அள்ளிட்டுப் போயிருதேன்னாரு. கேட்டத் தொறந்த காவல்காரனே சாட்சி. நான் குடுத்திருந்தா நீங்க உள்ள. சங்கம் அன்னிக்கே முடிஞ்சிருக்கும். பெரிய மூட்டைதான் இன்னிக்கு வரைக்கும்."

"குடுக்கலியா?"

"குடுக்கல."

"ஏன்?"

"அத எழுத வேண்டாம். குடுக்கலன்னு மட்டும் எழுதிக்கோங்க."

அண்ணாச்சி பென்சிலை வைத்துக்கொண்டு காத்திருந்தார். நானும் காத்திருந்தேன். இப்படிக் காத்திருப்பதில் அவரை யாரும் ஜெயித்ததில்லை. ஆனால் இன்றைக்கு அவரே விட்டுக்கொடுத்தார். 'எதிராளி புகார் கொடுக்கவில்லை. காரணம் சொல்லவும் இல்லை' என்று எழுதிக்கொண்டார்.

தமிழிலேயே அனுப்ப வேண்டும், அங்கே தமிழ்ப் பிள்ளை இருக்கிறாள், அவள் மாற்றிக்கொள்ளட்டும் என்று சொல்லிவிட்டார். பேராசிரியர் மாற்றினால் மறுபடி சர்க்கரை போட்டுவிடுவார் என்று பயம்.

காரணம் வியாபாரம்தான். புகாரில் பூஞ்சை என்று ஏறினால் அதன்பிறகு எவனும் என் மூட்டையைத் தொட மாட்டான். ராஜகனியிடமும் இதைத்தான் சொன்னேன். "அன்னிக்குச் சன்னல்ல நின்னு எதப் பாத்துக்கிட்டிருந்தீங்க?" என்றாள். "அந்த மனுசன் தலத்துண்ட அவுத்து தொறந்து கெடந்த நம்ம மூட்டை வாயில கட்டிட்டு வெறுந்தலையோட மழையில உக்காந்திருந்தாரே, அதத்தான?" அவளுக்கு எல்லாம் நினைவிருக்கும். ரசத்தில் உப்பு கூடுதல்.

மார்ச் 8, வெள்ளி

திருத்திய கடிதத்தை முந்தாநாள் அனுப்பிவிட்டதாகச் சொல்லப் பேராசிரியர் வந்தார். சொல்லிவிட்டுப் போகவில்லை.

"நல்லா இருப்பீங்க சார். ஒரு வார்த்த சொல்லாம இருந்திருக்கலாம்."

"இருந்தேன். அவரு விடல."

"அவரு அப்படித்தான். அது தெரிஞ்ச நாமதான் அடக்கமா இருக்கணும். உலகத்துல எவனாவது தான் ஜெயிச்ச கதையில ஓட்டை இருக்குன்னு தானே எழுதி அனுப்புவானா? படிக்கிறவன் என்ன நினைப்பான்?"

"சரக்கோட குறைய முதல்லயே சொல்லுறவன்கிட்டதான் நான் ரெண்டாந்தடவையும் வாங்குவேன்."

"அது வத்தல். இது பரிசு."

அவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. பரிசு கொடுக்கிறவன் இரண்டாந்தடவை வாங்க வரப்போவதில்லை.

மார்ச் 20, புதன்

விலை சரிந்துவிட்டது. ஜனவரியில் தள்ளியது நல்லதாயிற்று. மகன் முதல் தடவையாக, "நீங்க சொன்னது சரிதாம்ப்பா" என்றான். கேட்காத மாதிரி இருந்தேன்.

ஏப்ரல் 17, புதன்

அண்ணாச்சி பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டிருக்கிறார். தெரிந்தவர் என்று இரண்டு பேரைக் காட்ட வேண்டுமாம். ஒன்று பேராசிரியர். இன்னொன்று நான். என்னைக் கேட்டுவிட்டுத்தான் போட்டார். விசாரிக்க ஒரு ஏட்டு வந்தார், இளவயது, வெளியூர்க்காரர்.

"பூவலிங்கம்ங்கறவரத் தெரியுமா சார்? உறவா?"

"இல்ல. எதிராளி."

எழுதப் போனவர் நிறுத்திவிட்டார். "என்னதுன்னு போடட்டும்?"

"எதிராளின்னா போட எடம் இருக்கா?"

"இல்லீங்களே."

"அப்ப நண்பர்னு போடுங்க."

"எதுவும் வில்லங்கமான ஆளா? ஸ்டேஷன்ல இவரு மேல மறியல் கேசு நெறைய இருந்திருக்கு, எல்லாம் பழசு. முடிஞ்சிருக்கு."

"ரொம்ப வில்லங்கம். ஆனா அவரால யாருக்கும் ஒரு கீறல் விழுந்ததில்ல."

ஏட்டு என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். இந்த வயதில் எதற்கு வெளிநாடு என்று கேட்டார். பரிசு என்றேன். "எவ்வளவு?" என்றார். அதை நான் கேட்கவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. எனக்கே ஆச்சரியம்.

ஜூன் 9, ஞாயிறு

பாஸ்போர்ட் வந்துவிட்டது. கொண்டுவந்து காட்டினார். போட்டோவில் கண்ணை அகல விழித்துக்கொண்டிருக்கிறார். யாரோ அதட்டின மாதிரி.

"போன் ஏதும் வந்துச்சா?"

"இல்ல, அண்ணாச்சி."

"எனக்கு வராது. உமக்கு வந்தாலும் வரும்னுதான் கேட்டேன்."

இந்த மாதத்தில் இப்படிக் கேட்பது இது எத்தனையாவது தடவை என்று எண்ணவில்லை. ஒவ்வொரு தடவையும் வேறு ஏதோ வேலையாக வந்த மாதிரி வருகிறார். போனதடவை சாக்குத் தைக்கிற ஊசி வேண்டும் என்றார். சங்கத்தில் ஒரு டப்பா ஊசி இருக்கிறது.

ஆகஸ்ட் 29, வியாழன்

கிடைக்கவில்லை. பேராசிரியருக்கு மெயில் வந்திருக்கிறது. இரண்டு வரி. நிறையப் பெயர்கள் வந்தன, வருந்துகிறோம், பூவலிங்கம் அவர்களின் பணி தொடர வாழ்த்துகிறோம். தென்னமெரிக்காவில் யாருக்கோ கொடுத்திருக்கிறார்கள்.

பேராசிரியர் போனில் சொல்லிவிட்டு, "திருப்திதான சார்?" என்றார். வைத்துவிட்டார்.

சாயங்காலத்துக்குள் பேட்டை முழுக்கப் பரவிவிட்டது. பழைய பகையை மனதில் வைத்திருந்து காசிலிங்கம் கடைசி நேரத்தில் காலை வாரிவிட்டான் என்று டீக்கடையில் பேச்சாம். மகன் வந்து சொன்னான். என் சுமையாட்கள் இன்றைக்கு என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. வேலையில் குறை வைக்கவில்லை. மூட்டைகளை அடுக்கிய விதமும் சரியாகவே இருந்தது. அண்ணாச்சி பழக்கிய ஆட்கள்.

ஆகஸ்ட் 31, சனி

சிவகௌரிக்குப் போன் போட்டேன். எதனால் போயிற்று என்று தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. தோற்ற சரக்கு எந்த இடத்தில் தோற்றது என்று தெரியாமல் எனக்குச் சாப்பாடு இறங்காது.

"அந்தத் திருத்தத்தாலதான போச்சு? உள்ளதச் சொல்லும்மா."

எழுந்து ஒரு கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது. பிறகு சொன்னாள். "இல்லை ஐயா. இதை நான் சொல்லக்கூடாது. ஆனா நீங்கள் கேக்கிறபடியா சொல்லுறன். உங்கட ஐயாவின்ர பெயர் முதல் சுற்றிலேயே எடுபடேல்லை. பெப்ரவரி நடுவிலேயே ஒதுக்கிப்போட்டினம். திருத்தம் வந்தது மார்ச்சில."

"அப்ப அந்தத் தார்ப்பாய்க் கதை நல்லாயில்லைன்னுட்டாங்களா?"

"கதையில பிழை இல்லை. சின்ன ஊர், ஒரு சங்கம், மூட்டையின்ர அளவு. வெளியில ஒருத்தருக்கும் தெரியாத ஆள் எண்டு சொல்லிச்சினம். ரெண்டு நிமிஷம்கூடக் கதைக்கேல்லை."

"திருத்தத்த யாரும் படிக்கவே இல்லையா?"

"நான் படிச்சன். மாத்தி எழுதியும் வச்சனான். கோப்பு மூடினபிறகு வந்ததெண்டபடியா ஒருத்தரும் கேக்கேல்லை." நிறுத்தினாள். "இஞ்ச வந்து ஆறு வருஷம், ஐயா. எத்தனையோ பேர் தங்கட வெற்றியைப் பற்றி எழுதினதை வாசிச்சிருக்கிறன். இப்பிடி ஒண்டை வாசிக்கேல்லை. அதை அவருக்குச் சொல்லுங்கோ."

சரி என்றேன். சொன்னால் மற்றதையும் சொல்ல வேண்டிவரும்.

ராஜகனியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "நல்லதாப் போச்சு. பேராசிரியர்கிட்டப் போயி இப்பவே சொல்லுங்க. ஊரு வாய அடைக்கலாம்," என்றாள். சட்டையை மாட்டிக்கொண்டு தெருமுனை வரை போனேன். மருந்துக் கடையில் மாத்திரை வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டேன்.

செப்டம்பர் 3, செவ்வாய்

அண்ணாச்சி வந்தார். இந்தத் தடவை ஊசி, சாக்கு எதையும் கேட்கவில்லை. நேராக வந்து உட்கார்ந்தார். முகம் கொஞ்சம் வற்றியிருந்தது.

"ஆசப்பட்டேன், காசிலிங்கம். உம்மகிட்ட மறைக்கிறதுக்கு என்ன. இந்த ஊருல நாம பாத்த வேலைய எங்கேயோ ஒருத்தன் எடுத்துப் பாத்து, ஆமா, இதுவும் ஒரு வழிதான்னு சொல்ல மாட்டானான்னு இருந்துச்சு. எனக்காக மட்டும் இல்ல. செல்லையா செத்துப்போனான். அவனுக்கும் சேத்துத்தான்."

"தெரியும், அண்ணாச்சி."

"பையங்க உம்மகிட்டப் பேச மாட்டேங்கானுவளாம். சத்தம் போட்டிருக்கேன். நாளையிலருந்து பேசுவானுவ."

"பேசலன்னாலும் வேலை நடக்கு."

"துரைமாணிக்கம் சொல்லுதான், திருத்தம் அனுப்பாம இருந்திருந்தா நிச்சயம்னு. அவன் என் மேல உள்ள பிரியத்துல சொல்லுதான். அதான் உம்மகிட்டக் கேக்க வந்தேன். உமக்குச் சரக்கும் தெரியும், வாங்குறவனையும் தெரியும். அத அனுப்பாம இருந்திருந்தா, கிடைச்சிருக்குமா?"

வெளியே லாரி பின்வாங்குகிற சத்தம். அது நிற்கும்வரை காத்திருந்தேன்.

"கிடைச்சிருக்கும்," என்றேன்.

என் முகத்தையே பார்த்தார். மூட்டைக்குள் கைவிட்டு அடிவத்தலை எடுத்துப் பார்ப்பது போல இருந்தது. நான் நேராகவே பார்த்துக்கொண்டிருந்தேன். வியாபாரத்தில் எனக்கு அது பழக்கம்.

"கண்டிப்பாவா?"

"கண்டிப்பா. முதல் எடத்துல வச்சிருந்தாங்களாம். அந்தப் பிள்ளதான் சொல்லுச்சு. திருத்தம் வந்த பொறகுதான் மாத்தினாங்களாம்."

அண்ணாச்சி மெல்ல மூச்சை விட்டார். முதுகு நிமிர்ந்தது. வந்தபோது இருந்த முகம் இல்லை.

"மனசு நோகும்னு இல்லைன்னு சொல்லீருவீரோன்னு நெனச்சேன். நீரு சொல்ல மாட்டீரு." எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார். "அப்ப நாம உண்மையச் சும்மா சொல்லலவே. வெல குடுத்துத்தான் சொல்லிருக்கோம்."

"ஆமா, அண்ணாச்சி."

"துரைமாணிக்கத்துக்கும் இதச் சொல்லும். அவன் சங்கடப்பட்டாலும் பரவாயில்ல."

அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு தெருமுனை திரும்பும்வரை பார்த்துவிட்டு, பேராசிரியருக்குப் போன் போட்டுச் சொன்னேன். நான்தான் கெடுத்தேன் என்று என் வாயாலேயே ஒப்புக்கொண்டதில் அவருக்குக் கொஞ்சம் திருப்தி. எப்படித் தெரியும் என்று கேட்டார். அந்தப் பெண்ணின் சொந்த எண் இருந்தால் தானும் பேச வேண்டும் என்றார்.

இல்லை என்றேன். வைத்துவிட்டு, போனிலிருந்து அந்த எண்ணை அழித்துவிட்டேன்.